வேகம் என்னும் கைமுதல்

போர் விமானம் என்றதும் பலருக்கும் அதன் வேகம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அது வளைகிற அழகுதான் பெரிது. இன்று அந்த வளைவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மலைப்பாதையில் பஸ் திரும்பும்போது சக்கரம் தரையைப் பற்றிக்கொள்கிறது. ஆகாயத்தில் பற்றிக்கொள்ள இறக்கையைத் தழுவி ஓடும் காற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. விமானி இறக்கையைச் சாய்த்து, ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்கிறார். அதுவரை விமானத்தை மேலே தூக்கிய விசையே இப்போது பக்கவாட்டிலும் இழுத்து வளைக்கிறது. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து வளைந்தால், உள்ளே இருப்பவரின் எடை இரண்டு மடங்காகும். அதுதான் 2 ஜி. எஃப்-16 போன்ற விமானங்கள் 9 ஜி வரை தாங்கும்.

9 ஜி என்றால் என்ன? தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோ என்று வையுங்கள். அது 54 கிலோவாகக் கழுத்தின் மேல் உட்காரும். ரத்தம் காலுக்கு இறங்கும். நிறங்கள் வெளுக்கும், பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், அதையும் மீறினால் நினைவு தப்பும். விமானி அணிந்திருக்கும் ஜி-சூட்டில் காற்று நிரம்பித் தொடையையும் வயிற்றையும் நெருக்கும். அது மட்டும் போதாது. விமானியும் கால் தசைகளை முறுக்கி, மூச்சைப் பிடித்து, மூன்று விநாடிக்கு ஒருமுறை சட்டென்று விட்டு வாங்குவார். இத்தனைக்கும் நடுவே தோளுக்குப் பின்னால் எதிரியைத் தேடிக்கொண்டும் இருப்பார். இந்தக் கலையில் என்னை மலைக்கவைப்பது இந்த இடம்தான்.

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடுவோம். ஒரு விமானம் மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்தால் தன் எடையைச் சுமக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். வேகம் இரட்டித்தால் தூக்கும் விசை நாலு மடங்காகும். ஆக 440-இல் 4 ஜி, 660-இல் 9 ஜி. 660-இல் முழு மூச்சாக வளைந்தால் வட்டத்தின் ஆரம் 400 மீட்டருக்கும் குறைவு. ஒரு சுற்றுக்கு 13 விநாடி. அதே 9 ஜி-யோடு 1,320 கிலோமீட்டரில் வளைந்தால் ஆரம் 1,500 மீட்டரைத் தாண்டும். சுற்றுக்கு 26 விநாடி. சரி, மெதுவாகப் போனால்? 440-இல் வட்டம் ஏறக்குறைய 660-இல் வந்த அதே அளவுதான், ஆனால் சுற்றி வர 20 விநாடி. இறக்கையின் எல்லையும் உடலின் எல்லையும் சந்திக்கிற அந்த 660-ஐத்தான் விமானிகள் கார்னர் ஸ்பீடு என்கிறார்கள்.

அந்த வேகத்திலேயே நிற்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் இவ்வளவு கடுமையாக வளைக்கும்போது காற்றின் தடை பலமடங்கு கூடும். எஞ்சின் முழுசாக எரிந்தாலும் பெரும்பாலும் ஈடு கொடுக்காது. வளைய வளைய வேகம் கரையும். வேகம் கைமுதல் மாதிரி. வளைவு ஒவ்வொன்றும் ஒரு செலவு. எந்த விமானம் எந்த உயரத்தில், எந்த வேகத்தில் எவ்வளவு செலவழிக்கிறது என்பதை 1960-களில் அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்டும் கணித வல்லுநர் தாமஸ் கிறிஸ்டியும் வரைபடமாக்கினார்கள். இரண்டு விமானங்களின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எங்கே சண்டையிடலாம், எங்கே விலக வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

வியட்நாம் போரில் இந்தப் பாடத்தை விமானிகள் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். அமெரிக்காவின் ஃபான்டம் விமானம் கனமானது, எஞ்சின் பலம் மிக்கது. எதிரியின் மிக்-17 சின்னது, குறைந்த வேகத்தில் சட்டென்று திரும்பிவிடும். அதன் வளைவுக்குள் தொடர்ந்து போன ஃபான்டம் வேகத்தை இழந்து திணறியது. 1969-இல் கலிபோர்னியாவின் மிராமரில் தொடங்கிய டாப்கன் என்ற போர் விமானிகள் பள்ளி அழுத்திச் சொல்லிக்கொடுத்தவற்றில் இதுவும் ஒன்று: மிக் வளைந்தால் கூடவே வளையாதே, மூக்கை மேலே தூக்கு. ஏற ஏற வேகம் உயரமாக மாறும். உச்சியில் விமானம் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். வேகம் குறைந்திருப்பதால் வட்டமும் சிறுக்கும். அந்தக் கணத்தில் பூமியின் ஈர்ப்பே மூக்கைக் கீழே இழுத்துக் கொடுக்கும். விமானி கண்ணாடி வழியே அண்ணாந்து பார்ப்பார். மிக் அங்கே தலைக்கு மேலே, தரையை ஒட்டி, இன்னும் வளைந்துகொண்டிருக்கும்.