குடற்புழுவின் குலம் அறிதல்

அட்டனிலோ நுவரெலியாவிலோ தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு வயிற்றோட்டம் கண்டால், மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கிருமியைத் தேடுவது நெடுங்கால வழக்கம். ஆயினும், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவன யாவும் ஒன்றல்ல.

அமீபாவை எடுத்துக்கொள்வோம். 'என்டமீபா ஹிஸ்டோலிட்டிக்கா' குடற்சுவரை அரித்துச் சீதபேதியை உண்டாக்கும். சிலவேளை ஈரலிலும் கட்டியை விளைவிக்கும். அதன் உடன்பிறப்புப் போன்ற 'என்டமீபா டிஸ்பார்' குடலிலே தங்கியிருந்தும் தீங்கு செய்வதில்லை. உறைக்குள் அடங்கிய பருவத்தில் இரண்டும் ஒரே உருவின. இவை வெவ்வேறு இனம் எனப் பிரெஞ்சு அறிஞர் புரும்ப்ட் 1925ஆம் ஆண்டிலே கூறினார். உலகம் அதனை ஏற்றதோ 1993ஆம் ஆண்டிலேதான். சாதுவான அமீபாவைக் குற்றவாளியென முடிவுசெய்தால், வயிற்றோட்டத்தின் மெய்யான காரணம் தேடப்படாமலே போய்விடும்.

இம்மயக்கத்தைத் தீர்ப்பது பரம்பரையலகுச் சோதனை. மலத்திலுள்ள கிருமியின் டீ. என். ஏ. என்னும் பரம்பரைப் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சிறு துண்டைப் பல இலட்சம் படிகளாகப் பெருக்கி, ஒவ்வோர் இனத்துக்கும் உரிய அடையாளத்தோடு ஒப்பிடுவர். இவ்வாறு பெருக்கும் முறையைக் கண்ட கேரி முல்லிஸ் 1993இல் நோபெல் பரிசு பெற்றார்.

கொழுக்கிப்புழுவின் கதை இலங்கைக்கு இன்னும் நெருக்கமானது. புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் என்பதைக் கெய்ரோவில் கண்டறிந்தவர் ஆர்தர் லோஸ். அவரே 1911இல், இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் குடலிற் கிடைத்த புழுவுக்கு இந்நாட்டின் பெயராலேயே 'சிலானிக்கம்' எனப் பெயரிட்டார். நாய் பூனைகளில் வாழும் இப்புழு மனிதரையும் பற்றும். அதன் முட்டையோ, மனிதர்க்கே உரிய கொழுக்கிப்புழுக்களின் முட்டையைப் போன்றதே. கம்போடியா, மலேசியா முதலிய நாடுகளில் பரம்பரையலகுச் சோதனை செய்தபின்னரே, மனிதரிடையே இது எத்துணைப் பரவியுள்ளது என்பது புலனாயிற்று. நாய்கள் மனிதரோடு ஒரே முற்றத்திற் புழங்கும் லயன்களிலும் இது சிந்திக்கத்தக்கது. புழு நாயினுடையதாயின், மனிதருக்கு மட்டும் மருந்து கொடுப்பது பாதி வைத்தியமே.

மலைநாடு இப்பாடத்தின் முதற்பகுதியை முன்னரே கற்றது. 1916இல் ராக்கபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்து உண்டவர்கள் தேறினர்; ஆனால், மலகூடம் இல்லாத லயன்களில் அவர்களையே புழு மீண்டும் பற்றிற்று. மண் மாசுற்றிருக்கும்வரை மருந்தின் பயன் நிலையாது.

கிருமியின் குலத்தை அறிய ஆய்வுகூடம் வேண்டும். அதன் குலம் எதுவாயினும் வரும் வழியை அடைக்க மலகூடமும், கொதித்தாறிய நீரும், காலுக்குச் செருப்பும் வேண்டும். முன்னது விஞ்ஞானியின் கடன். பின்னது தோட்டத்தை நடத்துவோரும் அங்கே குடியிருப்போரும் சேர்ந்து ஆற்றவேண்டிய கடன். ஒன்று இருக்கிறதென்று மற்றொன்றைக் கைவிடலாகாது.