கடமை தவறியவர் எவரும் இல்லையாம்!



லிபியாவின் பெங்காசி நகரில் நான்கு உயிர்கள் போயின. அமெரிக்கத் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ், தூதரக அலுவலர் ஷான் ஸ்மித், பாதுகாப்புப் பணியில் இருந்த டைரோன் வுட்ஸ், கிளென் டோஹெர்ட்டி. அங்கிருந்த அமெரிக்க வளாகத்தின்மீது 2012 செப்டம்பர் 11 இரவு மூண்ட தாக்குதல் மறுநாள் விடியும்வரை ஓயவில்லை. தாக்கியவர்களில் அபு கட்டாலா என்பவனைப் பிடித்தார்கள், வாஷிங்டனில் விசாரித்தார்கள், சிறையில் அடைத்தார்கள். நல்லது. தாக்கியவனுக்குத் தண்டனை கிடைத்தது. காக்கத் தவறியவனுக்கு?

யாரும் எதிர்பாராதது என்று வாய் கூசாமல் சொல்ல முடியுமா? அதே ஆண்டு ஜூன் மாதம் அந்த வளாகத்தின் மதிலையே குண்டு வைத்துப் பிளந்தார்கள். சில நாள் கழித்து பிரிட்டிஷ் தூதரின் வாகனங்கள்மீது ராக்கெட் குண்டு பாய்ந்தது. பிரிட்டன்காரர்கள் கடையைக் கட்டிக்கொண்டு பெங்காசியை விட்டே போய்விட்டார்கள். அமெரிக்கர்களோ அங்கேயே இருந்தார்கள். லிபியாவில் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த எரிக் நார்ட்ஸ்ட்ராம் கூடுதல் ஆள் கேட்டார், கிடைக்கவில்லை. திரிபோலியில் இருந்த 16 பேர் கொண்ட ராணுவப் பாதுகாப்புக் குழுவும் ஆகஸ்டில் கிளம்பிவிட்டது. இதையெல்லாம் நான் கற்பனையில் சொல்லவில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் பதிவான சாட்சியம்!

பிறகு விசாரணை வந்தது. மூத்த ராஜதந்திரி பிக்கரிங்கும் அட்மிரல் மல்லனும் நடத்திய குழு டிசம்பரில் அறிக்கை தந்தது. பாதுகாப்பு கொஞ்சமும் போதவில்லை, வெளியுறவுத் துறையின் இரண்டு பிரிவுகளில் தலைமையே சரியில்லை என்று எழுதினார்கள். அதே அறிக்கையில் இன்னொன்றும் எழுதினார்கள்: கடமை தவறியவர் என்று எவரையும் சொல்வதற்கில்லை! தலைமை மோசம் என்பது சட்டப்படி கடமை தவறியதாக ஆகாதாம். (சிரிப்பு)

சிரிக்காதீர்கள். இது முதல் முறையும் அல்ல. 1998 ஆகஸ்டில் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்களைத் தகர்த்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் வேலைக்குப் போன, வீதியில் நடந்த ஆப்பிரிக்கர்கள். நைரோபிக் கட்டடம் ஆபத்தானது என்று அங்கிருந்த தூதர் புருடென்ஸ் புஷ்னல் வாஷிங்டனுக்கு முன்கூட்டியே எழுதியிருந்தார். அட்மிரல் குரோ தலைமையில் விசாரித்தார்கள். தீர்ப்பு? கடமை தவறியவர் எவரும் இல்லை! பதினான்கு ஆண்டு கழித்தும் அதே வாசகம்.

பெங்காசிக்குப் பிறகு, அன்றைய வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் "பொறுப்பேற்கிறேன்" என்றார். ஏற்றார், என்ன ஆயிற்று? நான்கு அதிகாரிகளைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அவர் இடத்துக்கு வந்த ஜான் கெர்ரி அவர்களைப் பணிக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார். தவறு தன் தீர்ப்பில் என்று அறிந்த நொடியில் உயிரை விட்ட பாண்டியன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாஷிங்டனிடம் நாம் உயிரைக் கேட்கவில்லை ஐயா, ஒரு நாற்காலியைக் கேட்கிறோம்! (கைதட்டல்)

அன்றைய எதிர்க்கட்சி யோக்கியமா? தூதரகப் பாதுகாப்புக்கு அரசு கேட்ட பணத்தை வெட்டியதே குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் சபைதான். அவர்களே 2014இல் ட்ரே கௌடி தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 70 லட்சம் டாலருக்கு மேல் செலவு, 800 பக்க அறிக்கை, ஹிலாரியை ஒரே நாளில் 11 மணி நேரம் உட்காரவைத்து விசாரணை. அந்தக் குழுவால்தான் ஹிலாரியின் செல்வாக்கு சரிந்தது என்று அந்தக் கட்சியின் கெவின் மெக்கார்த்தியே தொலைக்காட்சியில் மார்தட்டினார். இழவு வீட்டில் ஓட்டு கேட்கிற வேலை! ஒரு கூட்டம் கோப்புக்குப் பின்னால் ஒளிந்தது. இன்னொரு கூட்டம் பிணத்தின் மேல் ஏறி நின்றது.

நம் கோரிக்கை சின்னது. ஆள் கேட்ட கடிதம் எந்த மேசைக்குப் போனது? "முடியாது" என்று எழுதியவர் யார்? அவருக்கு மேலே இருந்து அதைப் பார்த்தும் சும்மா இருந்தவர் யார்? அந்தப் பெயர்களை அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். மோசமான தலைமையும் கடமை தவறுதல்தான் என்று சட்டத்தில் எழுதுங்கள். எழுதிவிட்டு அடுத்த தூதரை அனுப்புங்கள்.