பாழ்நகரம் தந்த விடை



மொரோக்கோ நாட்டிலுள்ள ஃபெஸ் என்னும் நகரை, மதுரைப் பக்கத்து வரலாற்றாசிரியன் எவனும் முற்றிலும் அயலூராகக் கருத இயலாது. 14-ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்து சென்ற இபின் பதூதா என்னும் பெரும்பயணி, தாம் கண்ட நாடுகளைப் பற்றி வாய்மொழியாகக் கூறி எழுதுவித்த நூல் 1355-இல் அந்நகரில்தான் நிறைவுற்றது. ஓய்வு பெற்றபின் என் மகனின் முயற்சியால் அந்நகரைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆனால் இன்று நான் கூறப்போவது ஃபெஸ் நகரைப் பற்றியதன்று. அங்கிருந்து ஒருநாள் சென்று வந்த சிறு பயணத்தைப் பற்றியது.

அதற்கு முன் ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். "ரோமானியர் வெளியேறினர், நகரங்கள் பாழாயின" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, வெளியேறியவர்கள் அதிகாரிகளும் படைவீரர்களுந்தானே? ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள்?" என்று வினவினான். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. "தேர்வுக்கு வராத கேள்வி, உட்கார்" என்றேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. அவன் அமர்ந்தான். அவ்வாண்டு முடியும்வரை அவன் என்னிடம் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

ஃபெஸ் நகரிலிருந்து காலையில் ஒரு சிறு வண்டியில் வழிகாட்டி ஒருவருடன் புறப்பட்டோம். சாலையின் இருமருங்கிலும் கோதுமை வயல்களும் ஒலிவத் தோப்புகளும் தென்பட்டன. செர்ஹூன் மலையடிவாரத்தில், வெட்டவெளியில் தூண்கள் நின்றன. அதுவே வொலூபிலிஸ். கிளியோபாட்ராவின் மகள் செலேனேயை மணந்த இரண்டாம் ஜூபா மன்னனின் நாட்டில் சிறந்து விளங்கிய ஊர் அது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசுக்கு உட்பட்டது. 212-இல் பேரரசின் சுதந்திர மக்களுக்கெல்லாம் குடியுரிமை வழங்கிய கரகல்லாவைப் போற்றி 217-இல் எழுப்பிய வளைவு இன்றும் நிற்கிறது. சிதைந்து கிடந்த அதனை 1930-களில் மீட்டெழுப்பினர்.

செல்வர் வீடுகளின் தளங்களில் வண்ணக் கற்களால் ஆன ஓவியங்கள் வெயிலில் கிடக்கின்றன. ஓரிடத்தில் ஹெர்க்குலிஸின் அருஞ்செயல்கள். மற்றோரிடத்தில் யாழிசைக்கும் ஆர்ஃபியஸ். இன்னொரு வீட்டில் ஒருவன் கழுதையின்மேல் பின்புறம் நோக்கி அமர்ந்து, பரிசுக் கிண்ணத்தை ஏந்தியிருக்கிறான். "தாத்தா, உங்களைப்போல!" என்றாள் என் பேத்தி. வரலாற்றாசிரியனும் பின்னோக்கியவாறே பயணம் செய்பவன்தானே! மறுக்க இயலவில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்தியவை எண்ணெய் ஆட்டிய இடங்களே. இவ்வூரில் 50-க்கும் மேற்பட்ட ஒலிவ எண்ணெய்ச் செக்குகளின் சுவடுகள் கிடைத்துள்ளன. நம்மூர்ச் செக்கைப் போன்றதன்று அது. பழத்தைக் கல்லால் அரைத்து, விழுதைப் பின்னிய கூடைகளில் இட்டு அடுக்கி, நீண்ட மரத்தை அதன்மேல் தாழ்த்தி, மரத்தின் மறுமுனையில் பெருங்கல்லைக் கட்டித் தொங்கவிடுவர். பிழிந்த சாறு தொட்டியில் தேங்கும்; எண்ணெய் மேலே மிதக்கும். மரம் மக்கிப் போயிற்று. கல்லும் தொட்டியும் எஞ்சின. மாளிகைகளின் வளத்துக்கெல்லாம் ஊற்று இதுவே.

அங்கு நின்றவாறே வழிகாட்டியிடம், என் மாணவனின் கேள்வியை என் கேள்வியாகக் கேட்டேன். அவர் நகைக்கவில்லை. மேற்குப் பக்கம் கையை நீட்டினார். ஏறத்தாழ 285-இல் ரோம ஆட்சி அகன்றது. ஊரார் அகலவில்லை. நீர்க்கால் பழுதுபட்டமையால் அவர்கள் மேட்டிலிருந்த கிழக்குப் பகுதியை விட்டு ஆற்றை ஒட்டிய மேற்குப் பகுதிக்கு இறங்கினர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அங்கே புதிய மதில் எழுந்தது. கரகல்லாவின் வளைவைச் சுற்றிய இடம் இடுகாடாயிற்று. இறந்தோரின் கல்லறைகளில் இலத்தீன் மொழியிலேயே எழுதினர். ரோம மாகாணத்தின் ஆண்டுக் கணக்கையே பொறித்தனர். அத்தகைய கல்வெட்டுகளுள் பிந்தியதன் ஆண்டு 655. பேரரசு அகன்று ஏறக்குறைய 370 ஆண்டுகள்! நான் ஒரே வரியில் பாழாக்கிய ஊரில் அத்தனை தலைமுறைகள் பிறந்து, உழுது, மணந்து, மாண்டிருக்கின்றன.

பின்னர் 788-இல் கிழக்கிலிருந்து அடைக்கலம் தேடி இத்ரீஸ் என்பவர் இவ்வூருக்கு வந்தார். அவுரபா என்னும் பெர்பர் குடியினர் அவரைத் தலைவராக ஏற்றனர். அவருடைய அடக்கத்தலம் அருகிலுள்ள மௌலே இத்ரீஸ் என்னும் மலையூரில் இருக்கிறது. வொலூபிலிஸின் மேட்டிலிருந்தே அதன் வெண்ணிற வீடுகள் தெரிகின்றன. ஆக, பாழூர் என நான் கற்பித்த இடத்தில்தான் மொரோக்கோவின் புதிய அரசமரபு ஒன்று தோன்றியது.

பிற்பகலில் மெக்னெஸ் நகரை அடைந்தோம். 1672 முதல் 1727 வரை ஆண்ட சுல்தான் மௌலே இஸ்மாயில் தலைநகராக்கிய ஊர் இது. தடித்த சுவர்களை உடைய தானியக் களஞ்சியத்துள் நுழைந்தபோது கோடையிலும் உடல் குளிர்ந்தது. அவர் மகன் காலத்தில், 1732-இல் முடிவுற்ற மன்சூர் வாயிலின் இருபுறமும் சலவைக்கல் தூண்கள் நிற்கின்றன. அவை வொலூபிலிஸிலிருந்து வந்தவை என்றார் வழிகாட்டி. காலையில் அங்கே தூணற்ற பீடங்களைக் கண்டு வருந்திய எனக்கு, மாலையில் தூண்கள் எதிர்ப்பட்டன. மாளிகை கட்டப் பழைய நகரைப் பெயர்த்தது நன்றென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அவ்வாயிலின் நிழலில் மக்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தனர்; சிறுவர் ஓடி விளையாடினர்.

இருட்டியபின் ஃபெஸ் திரும்பினோம். வண்டியில் யாவரும் உறங்கினர். எனக்கு உறக்கம் வரவில்லை. 30 ஆண்டுகளுக்கு மேலாக நான் கற்பித்தவை மன்னர் வந்ததும் போனதுமே. அவர்கள் போனபின் அடுப்பு மூட்டியவர் யார், எண்ணெய் ஆட்டியவர் யார் என்று நான் கேட்டதில்லை. கேட்ட ஒருவனையும் உட்கார வைத்துவிட்டேன்.

அம்மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். அவனுக்கும் இப்போது ஐம்பது வயது இருக்கலாம். ஒருவேளை இவ்வுரையை அவன் கேட்கக்கூடும். தம்பி, உன் கேள்வி சரியானது. ஊர்க்காரர்கள் எங்கும் போகவில்லை. ஆற்றங்கரைக்கு இறங்கி, அங்கேயே வாழ்ந்தார்கள். விடை சொல்லக் காலம் தாழ்த்திய ஆசிரியனை நீ பொறுத்தருள வேண்டும்.