வானிலிருந்து பார்த்த மனை

(தசலட்சண விழாவில், உத்தம ஆர்ஜவத் திருநாளன்று ஆற்றிய உரை)

 

இன்று உத்தம ஆர்ஜவத்திற்குரிய நாள். நினைப்பும் சொல்லும் செயலும் ஒரே நேர்கோட்டில் நிற்பதே ஆர்ஜவம் என்று சற்றுமுன் அழகாக விளக்கினார்கள். அதன்மேல் சாத்திரம் பேசும் தகுதி எனக்கில்லை. அந்த நேர்கோட்டிலிருந்து நான் விலகிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவே இம்மேடை ஏறினேன். அது பழனிமலையில் ஒரு நிலத்தை விற்பதற்காக எடுக்கப்பட்ட ட்ரோன் படத்தோடு தொடர்புடையது.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் பல்லாண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றியவன். ஓய்வு பெற்ற பின் ஒருநாள், பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். திருமணங்களுக்குப் படம் எடுத்துவந்தவர், இப்போது ட்ரோன் வாங்கி, நிலம் விற்போருக்கும் தங்கும் விடுதி நடத்துவோருக்கும் விளம்பரப் படம் எடுத்துத் தருகிறார். “ஐயா, தாண்டிக்குடிப் பக்கம் ஒரு தோட்டம். படம் தயார். இரண்டு நிமிடம் பேச நல்ல தமிழில் எழுதித் தாருங்கள்” என்றார்.

கைப்பேசியில் படத்தைக் காட்டினார். காப்பிச் செடிகளுக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களின் இடையே கருவி எழுகிறது. பள்ளத்தாக்கில் பஞ்சுப்பொதி போல் மேகம். ஒரு மூலையில் வெள்ளிச் சரிகையாய் ஓர் ஓடை. நடுவே மஞ்சள் கோட்டால் வளைத்துக் காட்டிய நிலம். நான் மயங்கிப்போனேன். வாசலில் மேகம் வந்து உட்காரும் என்றும், நீரோசை தாலாட்டும் என்றும் எழுதினேன். என் குரலிலேயே பதிவும் செய்துகொண்டார். காசு வாங்கவில்லை. தமிழுக்கு ஒரு புதுத்துறையில் இடம் கிடைத்ததென்று பெருமைதான் கொண்டேன். அந்த நிலத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

சில மாதங்கள் கழித்து, என்னோடு ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, உங்கள் குரலைக் கேட்டுத்தான் முன்பணம் கொடுத்தோம். ஒருமுறை நேரில் வந்து பாருங்கள்” என்றார். பணிக்கொடையில் பெரும்பகுதி அதில் போயிருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறினோம். தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து பிறர் தோட்டத்தின் ஊடே ஒற்றையடிப்பாதை. அதில் நடக்கும் உரிமை எந்தப் பத்திரத்திலும் இல்லை. நிலமோ காலூன்றி நிற்க இயலாத சரிவு. படத்தில் மின்னிய ஓடை மழைக்கால நீர். அதுவும் பக்கத்துப் புல எண்ணில் ஓடியது. மஞ்சள் கோடு அண்டைத் தோட்டத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து வளைத்திருந்தது. நண்பரின் துணைவியார் என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. “பொழுது சாய்வதற்குள் நீங்கள் உண்ண வேண்டுமே” என்று சொல்லி, கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் முன் வைத்தார். அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பலமுறை நடந்து, முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. மீதி இன்றுவரை வரவில்லை.

பெரியோர்களே! இதில் பொய் சொன்னவர் யார்? மாணவர் படத்தில் எதையும் புனையவில்லை. மேகம் இருந்தது, ஓடையும் இருந்தது. பிறகு எங்கே பிழை? அவரையே அழைத்து, அந்தக் கருவி எப்படிப் பார்க்கிறது என்று பாடம் கேட்டேன். ஆசிரியர் மாணவரானேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

மேலிருந்து நேர் கீழாக நோக்கினால் சரிவு மறைந்துவிடும். செங்குத்தான நிலமும் விரித்த பாய் போலத் தோன்றும். அகன்ற கோணமுடைய வில்லை சிறு இடத்தையும் விசாலமாகக் காட்டும். மழைக்குப் பின், அதிகாலையில் எடுத்தால் எந்த மலையும் பசுமையே. எல்லைக்கோடு கணினியில் வரையப்படுவது. நில அளவர் சங்கிலி பிடித்து இட்டதன்று. ஒவ்வொன்றும் தனியே நோக்க உண்மை. சேர்த்து நோக்கப் பொய். ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கண்டு அதுவே முழுமை என்று சாதிக்கலாகாது என்பது அநேகாந்தம் கற்ற நமக்குப் புதிதா? பொய்யாவணம் எழுதுதலை வாய்மை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. எழுத்தால் செய்தாலென்ன, படத்தால் செய்தாலென்ன? அந்தப் படத்திற்குக் குரல் கொடுத்தவன் நான்.

கருவியைப் பழிக்க நான் வரவில்லை. 1858இல் பிரான்சு நாட்டு நாதார் என்பவர் பலூனில் ஏறி, வானிலிருந்து முதல் ஒளிப்படம் எடுத்தார். நிலத்தை அளக்க இது உதவும் என்றே அவரும் எண்ணினார். நம் நாட்டில் 2020இல் தொடங்கிய ‘சுவாமித்வா’ திட்டத்தில், ஊர்க் குடியிருப்பு நிலங்களை ட்ரோன் கொண்டு அளந்து உரிமை அட்டை வழங்குகிறார்கள். ஒரே கருவிதான். அளக்கப் பறந்தால் அது சான்று. மயக்கப் பறந்தால் வலை.

சட்டமும் இல்லாமலில்லை. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிகத்திற்காகப் பறக்கவிடுவோர் விமானிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். தடையில்லாத பச்சை மண்டலத்திலும் உயரம் 400 அடியைத் தாண்டலாகாது. கொடைக்கானல் மலைக்காடுகள் 2013இல் வனவுயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் இசைவின்றி அங்கே பறக்கவிடுவது தவறு. பறவைகளும் மலைத்தேனீக்களும் வாழும் இடத்தில் அந்த இரைச்சல் எத்தகைய இம்சை என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

விற்பனைக்கும் 2016ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. ‘ரெரா’ என்று வழங்குகிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்போர், பதிவு செய்த பின்னரே விளம்பரம் செய்யலாம். விளம்பரத்திலுள்ள பொய்யை நம்பிப் பணம் கொடுத்தவர், விலக விரும்பினால் வட்டியோடு திரும்பப் பெறலாம். ஆனால் என் நண்பர் வாங்க முனைந்தது தனியொருவர் தோட்டத்தின் ஒரு துண்டு. அச்சட்டத்தின் நிழல் அங்கே விழவில்லை.

ஆகவே, மலையில் ஒரு காணியேனும் வாங்க விரும்பும் குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் இது. படத்தைப் பாருங்கள், பின்பு அதை மூடிவைத்துவிட்டு நடந்து செல்லுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை. பாதை யாருடையது, நீர் எந்தப் புல எண்ணில் ஓடுகிறது என்று அயலாரைக் கேளுங்கள். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நில அளவரை அழைத்து எல்லைக்கல்லைக் கையால் தொட்டுப் பாருங்கள். மலைப்பகுதியில் மனைப்பிரிவுக்கு ‘ஹாக்கா’ எனப்படும் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவு வேண்டுமா என்று கேளுங்கள். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955இலேயே சட்டம் வந்துவிட்டது. படத்தில் காணும் மரத்தை நம் விருப்பம்போல் வெட்டிவிட்டு வீடு கட்ட முடியாது.

ட்ரோன் பறக்கவிட்டுப் பிழைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். தொழிலை விடச் சொல்லவில்லை. என் மாணவர் இப்போது செய்வதைச் சொல்கிறேன். சாலையிலிருந்து நிலம் வரை கருவியைக் கையில் ஏந்தி நடந்து, பாதையை அப்படியே காட்டுகிறார். பக்கவாட்டில் பறக்கவிட்டுச் சரிவைக் காட்டுகிறார். எல்லைக்கல் கண்ணில் படாத இடத்தில் கோடு வரைவதில்லை. எடுத்த தேதியைப் படத்திலேயே பொறிக்கிறார். சில வாடிக்கையாளர்கள் இதனால் விலகிப்போனார்கள். “போனவர்கள் போகட்டும், ஐயா” என்கிறார். நானும் நேரில் காணாத நிலத்திற்கு ஒரு வரியும் எழுதுவதில்லை.

நிறைவாக ஒன்று. அதே பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில், பழனிக்கு மேற்கே, நம்மவர் வழிபடச் செல்லும் ஐவர்மலை இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டை நீங்கள் அறிவீர்கள். சக ஆண்டு 792, அதாவது பொது ஆண்டு 870. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். அவற்றின் திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமென வைத்த பொன் 505 காணம். யார், எப்போது, எதற்கு, எவ்வளவு என்பவை மட்டுமே அதில் உள்ளன. மலையின் அழகைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அதை நம்புகிறோம்.

அந்தப் பாறையில் எழுதியவரின் கையிலிருந்த ஆர்ஜவம், கருவி பிடிக்கும் நம் பிள்ளைகளின் கையிலும், பேனா பிடிக்கும் என் போன்றோர் கையிலும் இருக்க வேண்டும். என் நண்பர் இழந்த பணத்தை என்னால் இயன்றவரை சிறிது சிறிதாகத் திருப்பித் தந்துவருகிறேன். அவர் மறுக்கிறார், ஆயினும் தருகிறேன்.