மாட்டு வால்வும் மூன்று இழையும்



என் அண்ணனுக்கு இதய வால்வு மாற்ற வேண்டியிருந்தது. உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. இன்னொன்று, மாட்டின் இதய உறையில் செய்தது. "மாட்டை நெஞ்சுக்குள்ள வைக்கவா?" என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பி.காம்.காரன்; ஆனாலும் தேடிப் படித்தேன். அந்த உறைக்குப் பலம் கொலாஜன் என்ற புரதம். நம் வால்விலும் அதுதான். இதயத் தசைநார்களைச் சேர்த்துப் பிடிப்பதும் அதுதான். அதன் அமைப்பைச் சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன். கங்காரு வால் நாரை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து, 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, 'மூன்று இழை' என்றார். மறுவருஷம், கயிறு போல முறுக்கியிருக்கிறது என்று திருத்தினார். அணுக்கள் இவ்வளவு நெருங்கலாமா என்று கிரிக் தரப்பு ஆட்சேபித்தது. அதற்கு விடை தேடியதில்தான் 1963-இல் ராமச்சந்திரன் வரைபடம் வந்தது. இன்றைக்கும் புரத ஆராய்ச்சியில் அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நோபல் கொடுக்கவில்லை; எனக்கு அதில் வருத்தம்தான்.

"அண்ணே, மாட்டுக்கும் நமக்கும் ஒரே மூணு இழைக் கயிறுதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அதையே வைக்கச் சொல்லு" என்றார்.

இந்தத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வரை எங்களோடு நடந்தே வந்தார்.