உடைந்த கல்லில் பாதிப் பெயர்

(யூபிலிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பூசையில் முதலாம் நற்கருணை மன்றாட்டைக் குருவானவர் சொல்லும்போது, பழைய வேதசாட்சிகளின் பெயர்களோடு கொர்னேலியு என்ற பெயரும் நம் காதில் விழுகிறது. யார் இவர் என்று நாம் கேட்டதில்லை. இவருடைய கல்லறைக் கல் பல நூற்றாண்டுகள் காணாமற் கிடந்த கதையை இன்று பேசுவோம்.

உரோமைக்கு வெளியே, ஆப்பியா சாலையோரம் ஒரு திராட்சைத் தோட்டம். 1849-ம் ஆண்டு தெ ரோசி என்ற இளம் அறிஞர் அங்கே ஓர் உடைந்த சலவைக்கல்லைக் கண்டார். 'நேலியுஸ் மார்த்திர்' என்ற இலத்தீன் எழுத்துக்களே அதில் இருந்தன. முன்பாதி இல்லை. வேறொருவராயின் தாண்டிப் போயிருப்பார். இவரோ, 7-ம் நூற்றாண்டில் யாத்திரிகருக்காக எழுதப்பட்ட வழிக்குறிப்புகளை ஊன்றிப் படித்தவர். பாப்பு கொர்னேலியுவின் கல்லறை கலிஸ்து சுரங்கக் கல்லறையின் அருகில் என்று அவை கூறின. அர்ச்சியசிஷ்டவர்களின் எலும்புகளை நகரத்துக் கோவில்களுக்குக் கொண்டுபோன பிறகு அந்தச் சுரங்கங்கள் பாழாகி, வழியே மறந்துபோயிற்று. எல்லாரும் வேறிடத்தில் தேடிய கலிஸ்து கல்லறை இந்தக் கொடிகளின் அடியில்தான் என்று தெ ரோசி துணிந்தார். பாப்பரசர் 9-ம் பத்திநாதர் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். 1852-ல் கல்லறையும் கிடைத்தது, கல்லின் மறுபகுதியும் கிடைத்தது!

இரண்டையும் பொருத்தினால், 'கொர்னேலியுஸ் மார்த்திர் எப்'. 'எப்' என்பது ஆயர் என்னும் சொல்லின் சுருக்கம். அவ்வளவுதான், புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. அக்காலப் பாப்புமாரின் கல்லறைகளில் கிரேக்கமே இருக்க, இவருக்கு மட்டும் இலத்தீன்.

இவர் பாப்புவானது 251-ல். தேசியு மன்னனின் கொடுமைக்கு அஞ்சி விசுவாசத்தை மறுதலித்தவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். சேர்க்கவே கூடாது என்றார் நொவாசியன். எதிர்ப் பாப்புவாகவும் நின்றார். தவம் செய்தவர்களைச் சேர்க்கலாம் என்றார் கொர்னேலியு. கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியானும் அவர் பக்கம் நின்றார். அந்தச் சச்சரவின் நடுவே அந்தியோக்கு ஆயருக்கு எழுதிய கடிதத்தில் உரோமைச் சபையின் கணக்கையும் கொடுத்திருக்கிறார்: குருக்கள் 46, தியாக்கோன்மார் 7, சபை காப்பாற்றி வந்த விதவைகளும் ஏழைகளும் 1500-க்கு மேல். நம் யூபிலிக் கணக்கில் அந்தக் கடைசி வரி எங்கே என்று தேடிப் பார்த்தோம். கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

253-ல் அவரை நாடு கடத்தினார்கள், அங்கேயே இறந்தார். வாளால் வெட்டுண்டு சாகாவிட்டாலும், கிறிஸ்துவுக்காக நாடு கடத்தப்பட்டு இறந்தவரையும் வேதசாட்சி என்றே அக்காலத்தார் போற்றினார்கள். கல்லறையின் பக்கத்துச் சுவரில் பிற்காலத்தார் அவரையும் சிப்பிரியானையும் சேர்த்தே தீட்டிவைத்தார்கள். செப்டம்பர் 16-ந் தேதி இருவருக்கும் ஒரே திருநாள்.