பஜ்ஜிக் கடையும் பாவு நீட்டிய தெருவும்

(ஜூபிலி விழா மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



காஞ்சிபுரம் என்றதும் வெளியூரார்க்குப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கில் குடலையில் அவித்தெடுக்கும் வரதராசப் பெருமாள் கோயில் இட்லியும் நினைவுக்கு வரும். இவ்வூரில் வளர்ந்த நமக்கோ, பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் ஓர் ஆயா போட்ட வாழைக்காய் பஜ்ஜிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அது 1970-களின் பிற்பகுதி. விடியற்காலையில் தெரு நெசவாளருடையது. வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். அதன் அடியில் குனிந்து ஓடும் நம்மை, "நூலு அறுந்தா உங்கப்பனா வந்து கட்டுவான்?" என்று விரட்டுவார்கள். மாலையில் அதே தெரு ஆயாவுடையது. கடலெண்ணெய் வாசனை கோயில் மணியோசையை முந்திக்கொண்டு வரும். பஜ்ஜி ஒன்று பத்துப் பைசா. பழைய செய்தித்தாளில் சுருட்டிக் கொடுப்பார்.

நம் தோழன் ஒருவன் அக்கடைக்கு வரமாட்டான். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கரை நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். அந்நாளில் அந்த ஆள் பெரும்பாலும் சிறுவனே. தகப்பன் வாங்கிய முன்பணம் தீரும்வரை பையனும் தறியில் இருக்கவேண்டும். அது இலேசில் தீராது.

ஒருநாள் அவன் சன்னல் வழியே இருபது பைசா கொடுத்து, "ரெண்டு பஜ்ஜி வாங்கியாடா" என்றான். வழியில் ஒன்றை நாம் தின்றுவிட்டோம். "விலை ஏறிப்போச்சுடா" என்று பொய்யும் சொன்னோம். அவன் கையிலிருந்ததைப் பிட்டுப் பாதியை நம்மிடம் நீட்டினான். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் இதைச் சொன்னோம், அவனிடம் சொல்லவில்லை. நாம் பள்ளிக்குப் போய்க் குருமடம் சேர்ந்தோம். அவன் தறிக்குழியிலேயே வளர்ந்தான்.

ஜூபிலி என்றால் பந்தலும் விருந்தும் மட்டுமல்ல. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் வறுமையால் அடிமைப்பட்டவன் தன் பிள்ளைகளோடு விடுதலையாகித் தன் குடும்பத்துக்குத் திரும்பவேண்டும் என்பதே இறைவன் கட்டளை.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி தந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்றது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்றும் இடம் விட்டது. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளையின் படிப்பு நழுவாமல் பார்ப்பது அக்கம்பக்கத்தாராகிய நம் கடமை.

ஆகவே, இவ்விழா நாளில் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளை எம்மதத்தினதாயினும், அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கடன்தான் காரணமென்றால் பங்கு இல்லத்துக்கு வந்து சொல்லுங்கள். சேர்ந்து வழி பார்ப்போம். நாம் தின்ற அந்த ஒரு பஜ்ஜியின் கடனை இப்படியாவது தீர்க்க விரும்புகிறோம்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!